மலைப்பாதை வண்டியும் டைமிங் பெல்ட்டும்

பழனி மலைத் தொடரில் விளையும் பொருள்களில் பெரும்பகுதி மலையிலேயே விலை போவதில்லை. மேல்மலைக் கிராமங்களான பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி ஆகிய இடங்களின் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும், கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை வட்டாரத்தின் காப்பியும் மிளகும் மலைவாழையும் சவ்சவ்வும், வத்தலக்குண்டுக்கோ ஒட்டன்சத்திரத்திற்கோ வடுகபட்டிக்கோ இறங்கி வந்தால்தான் காசாகின்றன. கொடைக்கானல் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பழனி நகரமோ 300 மீட்டருக்குச் சற்று மேல்தான். இரண்டையும் இணைக்கும் சாலையின் நீளம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் நாள்தோறும் தாங்கும் சிறு வண்டிகளின் எஞ்சினில், ஏறத்தாழ ஓர் அங்குல அகலமுள்ள ஒரு ரப்பர்ப் பட்டை ஓடுகிறது. டைமிங் பெல்ட் என்று அதற்குப் பெயர். அதை எப்போது மாற்றுவது, எவற்றோடு சேர்த்து மாற்றுவது, மாற்றும்போது எதைக் கவனிப்பது என்பனவே இங்கே கூறப்படும்.

மோட்டார் விஷயம் டிரைவருக்கும் மெக்கானிக்குக்கும் உரியது. நமக்கென்ன என்று சங்க நிர்வாகக் குழுவினர் நினைக்கலாம். ஆனால் இப்பட்டையின் விதி பட்டறையில் தீர்மானமாவதைக் காட்டிலும் குழுக் கூட்டத்திலேயே பெரும்பாலும் தீர்மானமாகிறது. ஆகவே, செலவுச் சீட்டில் கையெழுத்திடுகிறவர்களும் இதன் தன்மையை அறிந்திருத்தல் அவசியம்.

நம் பகுதியில் விளைபொருள் ஏற்றும் சிறு வண்டிகளில் முதலிடம் பெற்றது டாட்டா ஏஸ். 2005-ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வண்டிக்கு நம் மக்கள் "குட்டி யானை" என்று பெயர் சூட்டிவிட்டார்கள். அதன் பழைய டீசல் எஞ்சின் இரண்டு சிலிண்டர் கொண்டது. கொள்ளளவு 702 கன சென்டிமீட்டர். 1998-இல் அறிமுகமான இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பாதியாக்கினால் எப்படியிருக்குமோ அப்படிப்பட்டது. இரண்டிலும் சிலிண்டரின் குறுக்களவு 75 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 79.5 மில்லிமீட்டர், இரண்டிலும் டைமிங் பெல்ட்தான். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின் அந்தப் பழைய அமைப்பில் புதிய வண்டிகள் விற்கப்படவில்லை. எனவே, அவ்வகையில் இன்று ஓடிக்கொண்டிருப்பவை அனைத்தும் வயதான வண்டிகளே. அவற்றுள் பல கைமாறி வந்தவை.

இனி, இப்பட்டை செய்யும் வேலையைப் பார்ப்போம். நெசவாள அன்பர்களுக்கு இதை விளக்குதல் எளிது. தறியில் மிதியை மிதித்ததும் பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. அந்தப் பிரிவு திறந்திருக்கும் கணத்தில்தான் நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓட வேண்டும். நாடா பாதி வழியில் இருக்கையில் பாவு மூடிக்கொண்டால் என்ன ஆகும்? நாடா பாவுக்குள் சிக்கி, இழைகள் கொத்துக் கொத்தாக அறுபடும். பிறகு அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிவதற்குள் பொழுது போய்விடும். எஞ்சினுக்குள்ளும் நிலைமை இதுவே. சிலிண்டரின் தலைப்பக்கம் உள்ள வால்வுகள் காற்றை உள்ளே விடவும் புகையை வெளியேற்றவும் கீழ்நோக்கித் திறக்கின்றன. பிஸ்டனோ கீழிருந்து மேலே வருகிறது. இரண்டும் ஒரே இடத்தை வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்துகின்றன. பிஸ்டனை இயக்குவது கிராங்க் தண்டு. வால்வுகளை இயக்குவது காம் தண்டு. கிராங்க் இருமுறை சுழலும்போது காம் ஒருமுறைதான் சுழல வேண்டும். ஒரு பல் முன்பின் ஆனாலும் ஒழுங்கு கெடும். இவ்விரு தண்டுகளையும் கட்டி ஓட்டுவது டைமிங் பெல்ட். எரிபொருள் பம்பு டீசலைத் தெளிக்க வேண்டிய நேரமும் இதே ஒழுங்கைப் பொறுத்தது.

எஞ்சின் நிமிடத்திற்கு 3,200 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்திற்கு 1,600 முறை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 27 முறை திறந்து மூடுகிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகவும் இறுக்கி, அதனால் எழும் வெப்பத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. அவ்வாறு இறுக்குவதற்காகப் பிஸ்டன் சிலிண்டரின் தலையை ஒட்டினாற்போல் மேலே வருகிறது. பெல்ட் அறுந்தால் காம் தண்டு நின்றுவிடும். வண்டியின் வேகத்தில் கிராங்க் இன்னும் சில சுற்றுச் சுழலும். திறந்தபடி நின்றுவிட்ட வால்வின்மேல் பிஸ்டன் மோதும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனின் தலை குழியும், காம் தண்டும் கெடுவதுண்டு. நாடா சிக்கிய பாவை முடிந்து சரி செய்யலாம். வளைந்த வால்வை மாற்றத்தான் வேண்டும்.

பெரிய லாரிகளிலும் வயற்காட்டு டீசல் பம்புசெட்டுகளிலும் இந்த வேலையைப் பெரும்பாலும் இரும்புப் பற்சக்கரங்கள் செய்கின்றன. அவற்றை ஆயுள் முழுவதும் தொடாமலே விடலாம். நம் மூத்த டிரைவர்கள் அவற்றில் பழகியவர்கள். ஆகையால், குறித்த காலத்தில் மாற்ற வேண்டிய பட்டை ஒன்று எஞ்சினுக்குள் இருக்கிறது என்ற எண்ணமே பலருக்கு வருவதில்லை. கார்களில் இம்முறை 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனத்தார் செய்த 1004 என்னும் வண்டியோடு தொடங்கிற்று. ஓசை குறைவு, எடை குறைவு, எண்ணெய் ஊற்ற வேண்டாம், விலையும் மலிவு என்பதால் பின்னர் பலரும் இதனைக் கைக்கொண்டனர்.

இப்பட்டை வெறும் ரப்பர் அன்று. அதன் நடுவே நீளவாக்கில் ஓடுவது முறுக்கிய கண்ணாடி இழைக் கயிறு. பற்களின் மேல் போர்த்தியிருப்பது நைலான் துணி. நூலும் துணியும் கலந்த பண்டம் என்பதால் நெசவாளருக்கு இதன் குணம் புரியும். கண்ணாடி இழை இழுப்பைத் தாங்குவதில் மிகச் சிறந்தது. மடிப்பைத் தாங்குவதிலோ மிக மோசமானது. மடித்துக் கட்டிவைத்த புது பெல்ட் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். உள்ளே இழை ஒடிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. கடையில் வாங்கும்போது அட்டைப் பெட்டி நசுங்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

அறுவதற்கு முன் இப்பட்டை குறிப்பறியத்தக்க அடையாளம் எதையும் பெரும்பாலும் காட்டுவதில்லை. பிரேக் தேய்ந்தால் கிறீச்சிடும்; கிளட்ச் தேய்ந்தால் வழுக்கும்; டயர் தேய்வது கண்ணுக்குத் தெரியும். டைமிங் பெல்ட் நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடி, ஒரு கொண்டை ஊசி வளைவில் அறுந்துவிடும். இறக்கத்தில் இது நேர்ந்தால் பணநஷ்டத்தோடு போவதில்லை. எஞ்சின் நின்றதும், வெற்றிட உதவியால் இயங்கும் பிரேக் உள்ள வண்டிகளில், சிலமுறை மிதித்தபின் பெடல் கல்லாக இறுகிவிடும். சுமையோடு இறங்கும் வண்டியை வெறும் கால் பலத்தால் நிறுத்த வேண்டிவரும். பக்கத்தில் பாறையா பள்ளமா என்பது அந்த இடத்தைப் பொறுத்தது. வண்டியின் பின்பக்கம் மூட்டைகளின்மேல் ஆட்களை ஏற்றும் வழக்கம் நம் மலையில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எனவே, இதைக் காதால் அறிய முடியாது. கணக்கால்தான் அறிய வேண்டும். வண்டியோடு வரும் கையேட்டில், இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது மாற்றுக என்று எழுதியிருக்கும். ஓடாமல் கொட்டகையில் நின்றாலும் ரப்பர் முதுமை அடைகிறது. ஆதலால் ஆண்டுக் கணக்கையும் விடலாகாது.

இங்கே மலைவாசிகள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கையேட்டின் கிலோமீட்டர்க் கணக்கு சாதாரணச் சாலையை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. உதாரணமாக, சமவெளியில் கடைசிக் கியரில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்திற்கு 2,400 சுற்று ஓடுகிறதென வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் கடக்க 80 நொடி. அதற்குள் எஞ்சின் 3,200 சுற்றுச் சுற்றும். அதே வண்டி பெருமாள்மலைப் பக்கம் தாழ்ந்த கியரில், அதே 2,400 சுற்றோடு, மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிடம். எஞ்சின் சுற்றுவது 9,600 முறை. மீட்டரில் ஏறுவது ஒரே கிலோமீட்டர்தான். பெல்ட்டின் கணக்கில் அது மூன்று கிலோமீட்டர். இறங்கும்போதும் எஞ்சின் பிடிப்பிற்காகத் தாழ்ந்த கியரிலேயே வருகிறோம். ஆதலால், பெரும்பகுதி ஓட்டம் மலைப்பாதையில் உள்ள வண்டிகளுக்கு, கடின உபயோகத்திற்கெனக் கையேட்டில் தனிக் கணக்கு இருந்தால் அதையும், இல்லையேல் சாதாரணக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கையும் எல்லையாகக் கொள்வது நலம் என்பது என் கருத்து. இன்னும் முன்னதாக மாற்றினாலும் வீணென்று சொல்லமாட்டேன்.

மாற்றும்போது எதையெல்லாம் மாற்றுவது? பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு, சுற்றியுள்ளவற்றை அப்படியே விடுவதுதான் நான் அடிக்கடி காணும் சிக்கனம். பெல்ட்டைத் தளராமல் பிடித்திருக்கும் டென்ஷனர் என்னும் உருளைக்குள் ஒரு பேரிங் இருக்கிறது. சில எஞ்சின்களில் ஐட்லர் என்ற இன்னோர் உருளையும் உண்டு. அவையும் பெல்ட்டோடு சேர்ந்து அத்தனை சுற்றும் சுற்றியவை. பேரிங்கின் மசகு வறண்டு அது இறுகினால், நேற்று மாட்டிய புது பெல்ட்டும் உரசி எரிந்து அறும். கிராங்க் தண்டின் முன் ஆயில் சீலும் காம் தண்டின் ஆயில் சீலும் கசிந்தால் எண்ணெய் பெல்ட்டில் பட்டு ரப்பரை ஊறவைத்துவிடும். சில எஞ்சின்களில் தண்ணீர்ப் பம்பும் இதே பெல்ட்டால் ஓடுகிறது. அங்கே அதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். இவற்றை அடைவதற்கு மூடிகளையும் புல்லியையும் கழற்றும் கூலி ஒன்றே. ஒருமுறை கொடுக்கும் கூலிக்குள் முழுத் தொகுதியையும் மாற்றிக்கொள்வதே உண்மையான சிக்கனம்.

வேலை நடக்கும் முறையைச் சங்கத்தின் சார்பில் பக்கத்தில் நிற்பவரும் அறிந்திருந்தால் நல்லது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வண்டி சமதளத்தில் நின்று, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பாட்டரியின் எதிர்முனைக் கம்பி கழற்றப்பட வேண்டும். பிறகு கிராங்க் போல்ட்டில் சாவி போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் சுற்றி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவருவார்கள். அப்போது கிராங்க், காம், எரிபொருள் பம்பு ஆகியவற்றின் பற்சக்கரங்களில் உள்ள குறிகள் தத்தம் இடத்தில் நேராக நிற்க வேண்டும். கையேடு பூட்டுப் பின் போடச் சொல்லியிருந்தால் அதைப் போட வேண்டும். வெறும் சுண்ணாம்புக் குறியை நம்புவது தகாது. டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டைக் கழற்றியபின் எந்தத் தண்டையும் சுற்றலாகாது. சுற்றினால், பெல்ட் அறாமலே வால்வு வளையும் அபாயம் அப்போதே வந்துவிடும்.

கழற்றிய பழைய பெல்ட்டை உடனே குப்பையில் எறியாமல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முதுகில் வெடிப்பு, பல் அடியில் கீறல், ஓரத்தில் பிசிறு, எண்ணெய்ப் பசை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு செய்தி. எண்ணெய்ப் பசை இருந்தால் கசிவை நிறுத்தாமல் புதியதை மாட்டலாகாது. ஓரம் மட்டும் பிசிறியிருந்தால் ஏதோ ஓர் உருளை கோணலாக ஓடுகிறது என்று பொருள். டென்ஷனரை விரலால் சுழற்றினால் கரகரப்போ தளர்ச்சியோ இருக்கிறதா என்பதும் தெரியும். இல்லையென்றாலும் அதை மாற்றுவதே முறை.

புது பெல்ட்டை மடிக்கக் கூடாது; முறுக்கக் கூடாது; ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்றக் கூடாது. அம்புக்குறி இருப்பின் அது எஞ்சின் ஓடும் திசையை நோக்க வேண்டும். டென்ஷனர் இல்லாத பக்கம் தளர்வின்றி இருக்குமாறு மாட்டி, மிச்சத் தளர்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வரச் செய்து, கையேடு கூறும் அளவுக்கு இறுக்க வேண்டும். அதிக இறுக்கம் பேரிங்கைத் தின்னும். குறைந்த இறுக்கத்தில் பல் தாவும். அதன்பின் பூட்டுப் பின்களை எடுத்துவிட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் குறிகள் மீண்டும் நேராக வருகின்றனவா என்று சரிபார்ப்பது தவறக்கூடாத கட்டம். சுற்றும்போது எங்கேனும் தட்டி நின்றால் பலங்கொண்டு திருப்பலாகாது. ஏதோ தவறென அறிந்து மறுபடி கழற்ற வேண்டும். "செல்ப் அடித்துப் பார்த்துவிடலாம்" என்று சொல்லும் மெக்கானிக்கை அந்த இடத்தில் நிறுத்தும் உரிமை வண்டிக்குரியவருக்கு உண்டு. கிராங்க் புல்லி போல்ட்டை டார்க் ரென்ச் கொண்டு அளவாக முறுக்கி, தூசு புகாதபடி மூடியை முழுமையாக மாட்ட வேண்டும். மூடியில் ஒரு போல்ட் குறைந்தால் பரவாயில்லை என்று விடுவது மலைப்பாதையின் மண்ணையும் சிறு கல்லையும் உள்ளே அழைப்பதாகும்.

வண்டியை நிறுத்தும் பழக்கமும் பெல்ட்டைப் பாதிக்கிறது. சரிவில் கியரில் போட்டு நிறுத்திய வண்டி கியர் பூட்டிய திசைக்கு எதிராக நகர்ந்தால், எஞ்சின் தலைகீழாகச் சுழல நேர்ந்து, தளர்ந்த பெல்ட்டில் பல் தாவக்கூடும். கைப் பிரேக்கோடு சக்கரத்திற்குக் கல்லும் வைப்பது நல்லது. மார்கழிக் குளிரில் எஞ்சின் கிளம்பாதபோது சரிவில் உருட்டிக் கியர் போட்டுக் கிளப்புவதும், இறக்கத்தில் திடீரென மிகத் தாழ்ந்த கியருக்கு மாற்றுவதும் பெல்ட்டுக்கு அடிமேல் அடி. பாட்டரியைச் சரிசெய்துகொள்வது இதைவிட மலிவு.

இனி, முன்னே சொன்ன குழுக் கூட்டத்திற்கு வருவோம். மேல்மலைச் சங்கம் ஒன்றில், பெல்ட் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டதென டிரைவர் எழுதிக் கொடுத்திருந்தார். ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு எதற்குச் செலவு என்று இரு கூட்டங்களில் அது ஒத்திவைக்கப்பட்டது. பூண்டு அறுவடையின் நடுவில் பெல்ட் அறுந்தது. நான்கு வால்வுகளும் வளைந்து, ஒரு பிஸ்டனும் பழுதாயிற்று. பட்டறைச் செலவு பெல்ட்டுத் தொகுதியின் விலையைப்போல் பன்மடங்கு. அதற்கு மேல் வாடகை வண்டிக்குக் கொடுத்த பணம். அதற்கும் மேல், சந்தை நாளைத் தவறவிட்ட உறுப்பினர்கள் வழியில் வந்த வியாபாரியிடம் கேட்ட விலைக்கு விட்ட மூட்டைகள். இந்தக் கடைசி நஷ்டம் சங்கத்தின் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அது விவசாயிகளின் வீட்டுக் கணக்கில் ஏறியது.

கெடாத பொருளை மாற்றினால் தணிக்கையில் ஆட்சேபம் வரும், 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆவது பிரிவின்படித் தண்டத்தீர்வை வந்துவிடும் என்று சில குழுவினர் அஞ்சுகின்றனர். அப்பிரிவு மோசடிக்கும், வேண்டுமென்றே காட்டும் அசட்டைக்கும், விதிகளுக்கு மாறாகச் செய்யும் செலவுக்கும் உரியது. கையேட்டின் பக்கத்தைக் காட்டி, லாக் புத்தகத்தின் கிலோமீட்டரைக் குறித்து, விலைப்புள்ளி பெற்று, தீர்மானம் நிறைவேற்றிச் செய்த செலவு அதில் அடங்காது. தணிக்கை கேட்பது ஆதாரத்தையே. உடைந்த எஞ்சினை அன்று. வேலை முடிந்ததும் பழைய பெல்ட்டையும் டென்ஷனரையும் பட்டறையிலிருந்து திரும்பப் பெற்று, அடுத்த தணிக்கை வரை வைத்திருக்க வேண்டும். பில்லில் எழுதிய சாமான் உண்மையில் மாற்றப்பட்டதா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

லாக் புத்தகத்தில் இதற்கெனக் கடைசிப் பக்கத்தை ஒதுக்கி, மாற்றிய தேதி, மீட்டர் எண், பெல்ட்டின் பார்ட் நம்பர், கூடவே மாற்றிய உறுப்புகள், பட்டறையின் பெயர், அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீட்டரும் தேதியும் ஆகியவற்றை எழுதுக. இதே விவரத்தை ஒரு சிறு சீட்டில் எழுதி டிரைவர் முன்னால் ஒட்டிவைப்பதும் உபயோகமானது. டிரைவர் மாறினாலும் சீட்டு வண்டியிலேயே இருக்கும். வேலையை அறுவடைக்கு முந்திய வாரங்களில், சரக்கு குறைவாக இருக்கும்போது வைத்துக்கொண்டால் வண்டி நிற்பதால் எவருக்கும் இடையூறில்லை.

பழைய வண்டி வாங்கும் சங்கங்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்பவர் "போன வருஷம்தான் மாற்றினேன்" என்று சொல்வார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பில்லோ பழைய பெல்ட்டோ இல்லையெனில் மாற்றவில்லை என்றே கணக்கிடுக. பெல்ட்டுத் தொகுதியின் விலையையும் கூலியையும் விசாரித்து அதை விலைபேசும்போதே கழித்துக்கொண்டு, வண்டியை மலை ஏற்றுவதற்கு முன் கீழேயே, வத்தலக்குண்டிலோ பழனியிலோ, மாற்றிவிட்டு வருக.